கடைசி 5 மில்லிமீட்டரும் கடைசி 45 நிமிடமும்: சென்னை–திருச்சி பைக் பயணத்தில் காதுப் பாதுகாப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் வேலை, திருச்சியில் வீடு. மாதத்தில் இரண்டு வார இறுதிகளில், சனிக்கிழமை விடியற்காலை தாம்பரத்தைத் தாண்டிக் கிளம்பி ஞாயிறு மாலை அதே சாலையில் திரும்புகிற ஒரு பைக் ஓட்டி. 350 சிசி வண்டி, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட், விண்ட்ஷீல்டு கிடையாது, சத்தத்தைக் குறைக்கிற இயர்பிளக் எதையும் காதில் வைப்பதில்லை. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு இதுதான். தனி ஒருவருடைய மருத்துவக் குறிப்பாக இதை வாசிக்க வேண்டாம். அந்தச் சாலையில் ஓடுகிற பலருக்கும் பொருந்தும்படி அமைத்த மாதிரிப் பயணம் இது. இதில் வருகிற கணக்கை வாசகர் தன் வண்டிக்கும் தன் சாலைக்கும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த ஓட்டியின் குறை எல்லோரும் சொல்கிற குறைதான். வீடு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் காது அடைத்தாற்போல் இருக்கிறது. படுத்தால் ‘கொய்ங்’ என்று ஒரு மெல்லிய சத்தம். டிவியின் ஒலியை வழக்கத்தைவிட நாலைந்து புள்ளி கூட்டி வைக்கத் தோன்றுகிறது. மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடுவதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது

முதலில் சைலன்சரைத்தான் சந்தேகிப்பார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பாதுகாப்பான சோதனை உண்டு. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது (ஆர்பிஎம்) என்று காட்டும் டாக்கோமீட்டர் உள்ள வண்டியென்றால், நெடுஞ்சாலையில் 80 கிமீ வேகத்தில் போகும்போது அது காட்டுகிற ஆர்பிஎம்மை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில், ஹெல்மெட் தலையில் இருக்க, அதே ஆர்பிஎம் வரை சில நொடி முறுக்கிப் பாருங்கள். ஓடும்போது காதில் அறைந்த சத்தத்தில் ஒரு சிறு பங்குதான் இப்போது இருக்கும். மீதியில் பெரும்பகுதி காற்று. குழாயை மாற்றிய வண்டிகளை விட்டுவிட்டால், சுமார் 65 கிமீ வேகத்துக்கு மேல் ஓட்டியின் காதுக்குள் முந்தி நிற்பது இன்ஜினின் சத்தம் அல்ல, ஹெல்மெட்டைச் சுற்றிக் கிழிபடும் காற்றின் சத்தம்தான்.

ஹெல்மெட் இந்தச் சத்தத்தைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தலையைக் காப்பதுதான் அதன் வேலை. காற்றைப் பொறுத்தவரை அதுவே சத்தத்தின் பிறப்பிடம். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகமும் பாத் ஸ்பா பல்கலைக்கழகமும் சேர்ந்து காற்றுச் சுரங்கத்தில் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி மைக்ரோஃபோன்கள் வைத்து அளந்தன. 2011-இல் வெளிவந்த அந்த முடிவில், தாடைப் பட்டைக்கு அருகே, ஹெல்மெட்டின் அடிப்பகுதி, முக்கியமான ஒலி மூலமாகத் தெரிந்தது. கழுத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி வழியாகச் சத்தம் மேலேறிக் காதுக்கு வருகிறது. ஹெல்மெட் ஓடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அடியில் திறந்திருப்பதால் அது பானையைக் கவிழ்த்து வைத்தது போலத்தான்.

எவ்வளவு சத்தம்? 1990-களில் பிரிட்டனில் காதருகே மைக்ரோஃபோன் வைத்து அளந்த அளவீடுகள், 60 கிமீ வேகத்தில் சுமார் 90 டெசிபலில் தொடங்கி 160 கிமீ வேகத்தில் 105 முதல் 110 வரை போகின்றன. நடுவில் 80 கிமீ வேகத்துக்குச் சுமார் 95, 100 கிமீ வேகத்துக்குச் சுமார் 98 முதல் 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட், ஓட்டியின் உயரம், விண்ட்ஷீல்டு, எதிர்க்காற்று ஆகியவற்றைப் பொறுத்து இது சில டெசிபல் ஏறி இறங்கும். (இந்தக் கட்டுரையில் டெசிபல் என்பது மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிட்ட ஏ அளவு.) ஃபோனில் இருக்கும் ஒலிமானி ஆப்பை ஹெல்மெட்டுக்குள் செருகி அளக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஃபோன் மைக்கில் காற்று நேராக மோதும்போது வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் 80 கிமீ. நம்முடைய ஓட்டி அதைத் தாண்டுவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே காதுக்கு 95 டெசிபல் வந்துவிடுகிறது. “நான் வேகமாகப் போவதில்லையே” என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பயணத்தின் கணக்கு

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு எளிமையானது. 85 டெசிபலில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் 30 நிமிடம், 100-இல் 15 நிமிடம். 3 டெசிபல் என்பது ஒலி ஆற்றல் இரட்டிப்பு. காதுக்கு அது சற்றே கூடினாற்போலத்தான் கேட்கும்; உள்ளே விழுகிற அடியோ இரண்டு மடங்கு.

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிமீ. செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர். ஊருக்குள் ஊர்வதும் டோல்கேட்டும் சிக்னலும் போக, 80-இல் சீராக ஓடுகிற நேரம் சுமார் 4 மணி.

95 டெசிபலில் நியோஷ் தருகிற நேரம் 47 நிமிடம். நாலு மணி நேரம் ஓடினால் ஐந்து நாளுக்கான அளவு ஒரே காலையில் காதில் இறங்கிவிடுகிறது. மேல்மருவத்தூரைத் தாண்டுவதற்குள்ளேயே அன்றைய அளவு ஏறத்தாழ முடிந்திருக்கும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. நியோஷ் கணக்கு வாரம் ஐந்து நாள் வீதம் 40 வருடம் வேலை செய்பவருக்காகப் போட்டது. வருடத்தில் ஒரு முறை கொடைக்கானல் போய் வருகிறவர் இதனால் செவிடாகிவிட மாட்டார். நம்முடைய ஓட்டி மாதத்தில் நான்கு நாள் ஐந்து மடங்கு வாங்குகிறார். அதாவது 20 வேலைநாளுக்கான அளவு. சத்தமான நெசவு ஆலையில் முழுநேரம் வேலை செய்கிறவர் ஒரு மாதத்தில் இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று நியோஷ் வைத்த உச்ச வரம்பும் கிட்டத்தட்ட அதுதான். பைக்கிலேயே மாவட்டம் மாவட்டமாகச் சுற்றும் மருந்துப் பிரதிநிதி, நெடுஞ்சாலை ரோந்துக் காவலர், டூர் நடத்துகிறவர் எல்லாம் இதற்கு மேலே நிற்கிறார்கள்.

காதுக்குள் நடப்பது

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்லியாவுக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. நீண்ட நேரச் சத்தத்தில் அவை களைத்துப்போகின்றன. வீடு வந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பது அந்தக் களைப்பு. ஓய்வு கொடுத்தால் மீண்டும் எழுகின்றன. ஆனால் திரும்பத் திரும்பக் களைத்துப்போனால் சில எழுவதில்லை. மனிதக் காதில் ஒரு முறை செத்த மயிரணு மறுபடி முளைப்பதில்லை.

முதலில் சாய்வது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. செவித்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். காற்றிரைச்சல் பெரும்பாலும் கீழ்ச்சுருதி ‘கும்’மென்ற சத்தமாக இருந்தாலும் பள்ளம் மேலேதான் விழுகிறது. நம் மொழியில் இது எப்படித் தெரியும் என்றால், உயிரெழுத்தெல்லாம் நன்றாகக் கேட்கும், மெய்யெழுத்து நழுவும். ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ மூன்றும் ஒன்றுபோல் கேட்கத் தொடங்கும். சகர ஒலி மங்கும். கல்யாண மண்டபத்தில் எதிரே நின்று பேசுகிற குழந்தையின் குரல் காதில் விழும். என்ன சொல்கிறது என்று பிடிபடாது. அப்போது பலர் காதைச் சந்தேகிப்பதில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்” என்றுதான் நினைக்கிறார்கள்.

பெட்டியில் அச்சடித்த எண்

ஃபோம் இயர்பிளக் ஒரு ஜோடி ஒரு டீ, வடை விலைக்குள் கிடைக்கிறது. அது எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சொல்ல, பெட்டியில் என்ஆர்ஆர் என்ற அமெரிக்க எண்ணோ எஸ்என்ஆர் என்ற ஐரோப்பிய எண்ணோ இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. எளிதில் கிடைக்கிற 3எம் 1100 பிளக்கையே எடுத்துக்கொண்டால், அதன் என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37. பொருள் ஒன்றே, அளக்கும் முறை வேறு. 37 போட்ட பெட்டி 33 போட்ட பெட்டியைவிட மேல் என்று வாங்குவதற்கு முன் எந்த எண்ணை ஒப்பிடுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுமே ஆய்வகத்தில், சரியாகச் செருகப்பட்ட பிளக்குக்கு வந்த எண்கள். நடைமுறையில் ஃபோம் பிளக்குக்கு என்ஆர்ஆர் எண்ணைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது நியோஷ். 29 என்றால் 14, 15. ஏ அளவில் போட்ட சத்தத்திலிருந்து கழிப்பதென்றால் இன்னும் 7 குறைக்க வேண்டும் என்பது கடுமையான கணக்கு. ஆகவே நன்றாகச் செருகத் தெரிந்தவருக்கு 15, அரைகுறையாகச் செருகுபவருக்கு 5 என்று இரண்டு நிலைகளை வைத்து நம் பயணத்தைப் பார்க்கலாம்.

15 டெசிபல் குறைந்தால் காதுக்குப் போவது 80. நாலு மணி நேரமும் சேர்த்து நாள் அளவில் 16 சதவீதம்தான் செலவு. 5 மட்டும் குறைந்தால் காதுக்கு 90. நாலு மணியில் 159 சதவீதம். பிளக் ஒன்றுதான், ஓட்டி ஒருவர்தான். செருகிய ஆழத்தில், அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் வித்தியாசம்.

அந்த ஆழம் பைக் ஓட்டிக்கு மற்றவர்களைவிட முக்கியம். பிளக்குக்கும் காதுக்குழாய்ச் சுவருக்கும் நடுவே சிறு கசிவு இருந்தால் முதலில் உள்ளே நுழைவது கீழ்ச்சுருதிச் சத்தம். பட்டறையில் கிரைண்டர் முன் நிற்பவருக்கு அரைகுறைப் பிளக்கும் ஓரளவு உதவும், ஏனென்றால் அங்கே கீச்சொலி அதிகம். ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலின் பெரும்பங்கு கீழ்ச்சுருதி. கசிகிற பிளக் அதை அப்படியே விட்டுவிடும். ஹார்ன், பேச்சு போன்ற மேல்சுருதி ஒலிகளை மட்டும் மங்கச் செய்யும். “இயர்பிளக் போட்டால் இரைச்சல் குறையவில்லை, ஹார்ன்தான் கேட்கவில்லை” என்று சொல்பவர்களில் பலருடைய பிளக் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

செருகும் முறை

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் போட்ட விரலோடு பிளக்கைத் தொடக் கூடாது.

பிளக்கை விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டத் தொடங்கி, போகப்போக அழுத்தம் கூட்டுங்கள். மடிப்பே விழாமல், ஊதுபத்திக் குச்சியைவிடச் சற்றுத் தடித்த ஒரு குச்சியாக வர வேண்டும். உருட்டாமல் நசுக்கினால் பக்கவாட்டில் மடிப்பு விழும். அந்த மடிப்பு காதுக்குள் விரிந்த பிறகும் ஒரு வாய்க்காலாக நின்று சத்தத்தை உள்ளே விடும்.

வலது காதுக்கு வலது கையில் பிளக். இடது கையைத் தலைக்குப் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து வலது காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுங்கள். காதுக்குழாய் சுமார் 25 மிமீ நீளம், நேராக இல்லாமல் வளைந்து போகிறது. மடலை இழுக்கும்போதுதான் வளைவு நிமிர்கிறது. இந்த ஒரு அசைவை விட்டுவிட்டுச் செருகுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

குச்சியை உள்ளே நழுவவிட்டு, விரல் நுனியால் அதன் வெளிமுனையைத் தாங்கிக்கொண்டு 30 முதல் 40 நொடி நில்லுங்கள். தாங்காவிட்டால் விரிகிற ஃபோம் தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளும். வெயில் காலத்தில் ஃபோம் இளகிச் சீக்கிரம் விரியும், ஆகவே உருட்டியதும் தாமதிக்காமல் செருக வேண்டும். ஊட்டியில் விடியற்காலைக் குளிரில் அதே ஃபோம் விறைத்து மெதுவாக விரியும். அங்கே ஒரு நிமிடம் பிடிக்க வேண்டியிருக்கும். சட்டைப் பையின் சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தால் உருட்டுவதும் எளிது.

சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க மூன்று வழி. கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பிளக் வெளியே நீட்டிக்கொண்டு தெரியக் கூடாது. அதன் முனை காதுத் துளையின் வாயோடு ஒட்டியிருக்க வேண்டும். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகினால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தலைக்குள் ஒலிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெளியிலிருந்து கேட்பதுபோல் இருந்தால் அந்தப் பக்கம் கசிகிறது. மூன்றாவது, இன்ஜினை ஓடவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது சத்தம் வெகுவாகக் குறைந்தால் பிளக் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். பெரிய மாற்றம் தெரியாவிட்டால் சரி.

ஏதாவது ஒன்றில் தவறினால் அப்படியே உள்ளே தள்ளிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். விரிந்த ஃபோம் ஆழம் போகாது. வெளியே எடுத்து மறுபடி உருட்டுங்கள்.

ஹெல்மெட் மாட்டும் நொடி

நன்றாகச் செருகிய பிளக் இங்கேதான் கெடுகிறது. ஹெல்மெட்டின் கன்னத் திண்டு காது மடலைக் கீழே இழுத்துக்கொண்டே இறங்கும்போது குழாய் கோணி, பிளக் ஒரு பக்கமாகத் தளரும். இரண்டு நாடாக்களையும் பிடித்து ஹெல்மெட்டின் அடியை அகல விரித்துக்கொண்டு மாட்டினால் உராய்வு குறையும். மாட்டிய பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, மடங்கிய மடலை நேராக்கிவிட வேண்டும். முகமூடித் துணி போடுகிறவர்கள் முதலில் பிளக், பிறகு துணி, பிறகு ஹெல்மெட், கடைசியில் மூக்குக்கண்ணாடி என்ற வரிசையில் போனால் சிக்கல் இல்லை.

கயிறு கோத்த பிளக் தொழிற்சாலைக்கு நல்லது. ஹெல்மெட்டுக்குள் கயிறு நாடாவில் மாட்டி இழுத்துவிடும், கழுத்தில் உரசுகிற சத்தமும் கயிறு வழியாகவே காதுக்கு ஏறும். தண்டு நீண்ட சிலிக்கான் பிளக்கும் ஹெல்மெட் உள்துணியில் இடித்து வலியைத் தரும். பைக்குக்கென்று விற்கிற பிளக்குகள் குட்டையான தண்டோடு வருவதற்கு அதுவே காரணம்.

வாய் அசைவும் கவனிக்க வேண்டியது. தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவம் மாறுகிறது. சூயிங்கம், வெற்றிலை, இன்டர்காமில் ஓயாத பேச்சு, இவையெல்லாம் ஒரு மணி நேரத்தில் பிளக்கைத் தளர்த்திவிடும். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு முறை முனகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூருக்குப் பிறகு

இனி நம்முடைய ஓட்டி பிளக் போடப் பழகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 15 டெசிபல் குறைகிற அளவுக்கு நன்றாகவே செருகுகிறார். பெரம்பலூரில் சாப்பிட இறங்குகிறார். பிளக்கைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். திருச்சிக்கு இன்னும் 60 கிமீதான், முக்கால் மணி நேரம். “இதற்குப் போய் மறுபடி எதற்கு” என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.

கணக்கு: முதல் மூன்றேகால் மணி நேரம் பிளக்கோடு, 13 சதவீதம். கடைசி 45 நிமிடம் பிளக் இல்லாமல், 94 சதவீதம். மொத்தம் 107. காலையிலிருந்து அக்கறையாகக் காத்ததை அந்தக் கடைசி 60 கிமீ விழுங்கிவிட்டது. டெசிபல் கணக்கு கூட்டலில் ஓடுவதில்லை, மடங்கில் ஓடுகிறது. அதனால்தான் பாதுகாப்பு இல்லாத சிறு நேரம்கூட மொத்தத்தையும் ஆள்கிறது. “அதிக எண் போட்ட பிளக் எது” என்று தேடிச் செலவிடும் நேரத்தில், குறைந்த எண் போட்டதையே கடைசிவரை காதில் வைத்திருப்பது எப்படி என்று யோசித்தால் பலன் கூடும்.

மேசையில் வைத்துவிட்டு வருவதைத் தவிர்க்கச் சின்ன அலுமினிய டப்பா ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். கையுறைக்குள் ஒரு டப்பாவும், டேங்க் பையில் மாற்றாக ஒரு ஜோடியும் இருக்கட்டும். கையுறை போட்ட பிறகு பிளக் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தால் பெரும்பாலும் யாரும் கழற்றுவதில்லை. ஆகவே பிளக்கைக் கையுறைக்குள் வைப்பதே நல்ல இடம்.

ஹார்ன் கேட்குமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பிளக் இரைச்சலையும் ஹார்னையும் சேர்த்தே குறைக்கிறது. இரைச்சலுக்கு மேலே ஹார்ன் எத்தனை டெசிபல் எழும்பி நின்றதோ, ஏறத்தாழ அதே அளவு பிளக்குக்கு உள்ளேயும் எழும்பி நிற்கும். வெளியே காற்று 95 ஆக இருக்கும்போது காக்லியா முழுவதும் திணறிக்கொண்டிருக்கிறது. 80-க்கு இறக்கிக் கொடுத்தால் ஒலிகளைப் பிரித்தறிவது அதற்கு எளிதாகிறது. வெயிலில் கூலிங் கிளாஸ் போட்டவுடன் சாலை தெளிவாகத் தெரிவது போல. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் இரண்டு காதையும் மூடுகிற ஹெட்செட், இயர்பிளக் ஆகியவற்றைத் தடை செய்துவிட்டு, சைரனும் ஹார்னும் கேட்கும்படி அமைந்த காதுப்பாதுகாப்புப் பிளக்குகளுக்கு விலக்குத் தந்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. ஏற்கெனவே மேல்சுருதியில் காது மந்தமானவருக்கு, ஃபோம் பிளக் அந்தப் பகுதியை இன்னும் கீழே இறக்கிச் சில எச்சரிக்கை ஒலிகளைக் கேட்காமலே செய்துவிடலாம். அவர்கள் ஈஎன்டி மருத்துவரிடம் காட்டி, எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிற ஃபில்டர் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். நகரத்துக்குள் 40 கிமீ வேகத்தில் போகும்போது காற்றிரைச்சல் குறைவு. அங்கே பிளக்கின் தேவையும் குறைவு, சுற்றுச்சத்தம் கேட்பதன் பயனும் அதிகம். தாம்பரம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் போட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு. பிளக் போட்ட முதல் இரண்டு பயணங்களில் வேகம் குறைவாகத் தோன்றும். காற்றின் சத்தத்தை வைத்தே வேகத்தை உணரப் பழகியிருப்பதால் இப்படி. அந்த நாட்களில் ஸ்பீடோமீட்டரை அடிக்கடி பாருங்கள்.

மாற்று வழிகளும் போலி வழிகளும்

பஞ்சு ஏறக்குறைய எதையும் தடுக்காது, கீழ்ச்சுருதியை அறவே தடுக்காது. தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சும் அப்படியே. கூடுதலாகக் காதில் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும்.

பாட்டுக் கேட்கிற இயர்பட்ஸை இயர்பிளக்காக நினைப்பது ஆபத்து. 95 டெசிபல் காற்றுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமானால் அதற்கும் மேலே ஒலியை ஏற்றியாக வேண்டும். அது பாதுகாப்பல்ல, இரண்டாவது அடி. ஹெல்மெட் ஸ்பீக்கர் வைத்த இன்டர்காமிலும் இதே சிக்கல்தான். பிளக் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைக் கேட்கலாம். காற்று அடங்குவதால் வழிகாட்டும் குரல் தெளிவாகவே வரும். ஸ்பீக்கர் சரியாகக் காதுத் துளைக்கு நேரே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரலளவு தள்ளியிருந்தால்கூட ஒலியை வீணாக ஏற்ற வேண்டிவரும்.

விண்ட்ஷீல்டு வைத்தால் சத்தம் குறையும் என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து சுழன்று வருகிற காற்று நேராக ஹெல்மெட்டில் அடித்தால், கண்ணாடி இல்லாத வண்டியைவிடச் சத்தம் கூடிவிடும். ஓடும்போது முதுகை நிமிர்த்தித் தலையைச் சில சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் கண்ணாடியின் உயரம் உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. ஹெல்மெட்டின் அடியில் தாடைத் திரை மாட்டுவதும் கழுத்தில் துண்டு சுற்றுவதும் மேலே சொன்ன அடிப்பக்க இடைவெளியை அடைப்பதால் ஓரளவு பலன் தரும். இவை பிளக்குக்குத் துணை. பிளக்குக்குப் பதில் ஆகா.

ஃபோம் உருட்ட வராதவருக்கு விளிம்பு வைத்த சிலிக்கான் பிளக் இருக்கிறது, உருட்டாமல் செருகலாம், கழுவி மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். வாரந்தோறும் ஓடுகிறவர் காது அச்செடுத்துச் செய்கிற பிளக்கை யோசிக்கலாம். செவித்திறன் நிபுணரான ஆடியோலஜிஸ்ட் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டிச் சிறு பஞ்சுத் தடுப்பு வைத்து அச்சுப்பசையை ஊற்றுவார். அப்போது வாயைத் திறந்துவைத்து எடுத்த அச்சு நல்லது. மூடிய வாயில் எடுத்தது பேசும்போது கசியும். ஹெல்மெட்டுக்காக என்று முன்பே சொன்னால் காதுக்கு வெளியே நீட்டாத வடிவில் செய்து தருவார்கள்.

காதின் உடல்நலம்

கழற்றும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நன்றாக அடைத்த பிளக் சட்டென வெளியே வந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் செவிப்பறை வலிக்கும். லேசாகத் திருகிக் காற்று நுழைந்த பிறகு மெதுவாக இழுங்கள். மலைச்சாலையில் ஏறும்போது காது அடைத்துக்கொண்டால் எச்சிலை விழுங்குங்கள்; பிளக்கை ஒரு முறை இப்படித் திருகிவிடுவதும் உதவலாம்.

நம் ஊர் வெயிலும் வியர்வையும் காதுக்குழாய்ப் பூஞ்சைக்கு ஏற்றவை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கு எண்ணெய் விடுகிற வழக்கம் உள்ளவர்கள், அந்த ஈரத்தோடு பிளக் செருகிக்கொண்டு கிளம்ப வேண்டாம். எண்ணெய் ஃபோமையும் கெடுக்கும். ஃபோம் பிளக்கை மூன்று நான்கு பயணத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள். அழுக்கேறினாலோ, விரிந்த பிறகும் விறைப்பாக இருந்தாலோ, உருட்டிவிட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டாலோ தூக்கிப்போட்டுவிடலாம். குடும்பத்துக்குள்கூட மாற்றிப் போடக் கூடாது.

காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை, அண்மையில் அறுவை சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் எதையும் செருகக் கூடாது. அடிக்கடி பிளக் போடுகிறவருக்குக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைப்பது உண்டு. அதைக் குச்சியாலோ சாவியாலோ நோண்டினால் இன்னும் உள்ளே போகும். ஈஎன்டியிடம் சில நிமிட வேலை. சிறிய குழாய் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, வழக்கமான அளவு ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். வலித்தால் கழற்றத் தோன்றும், கழற்றினால் பெரம்பலூர்க் கணக்குத்தான். சிறிய அளவை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பின்தொடர்தல்

பிளக் பலிக்கிறதா என்று வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். கிளம்பும் முன் டிவியில் செய்தி வாசிப்பவரின் பேச்சு புரிகிற மிகக் குறைந்த ஒலி எண்ணைக் குறித்துவையுங்கள். வந்து சேர்ந்ததும் அதே இருக்கையில் அதே சோதனை. எண் ஏறியிருந்தால் அன்றைய பயணத்தில் காது களைத்திருக்கிறது, பிளக் எங்கோ கசிந்திருக்கிறது. ‘கொய்ங்’ சத்தம் மறுநாளும் நீடித்தால், அல்லது ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சரியான அளவுகோல் ஆடியோகிராம்தான். இப்போது ஒன்று எடுத்துவைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு வருடம் கழித்து ஒப்பிடலாம். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் பெரும் சத்தம் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். பைக்கில் நெடுந்தூரம் ஓடி நேராகப் போய் உட்கார்ந்தால் அந்த நாளின் களைப்பும் சேர்ந்தே பதிவாகும். பல இடங்களில் 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000 ஹெர்ட்ஸ் மட்டும் பார்த்து முடித்துவிடுவார்கள். சத்தத்தால் விழுகிற பள்ளம் சில காதுகளில் 3,000 அல்லது 6,000-இல் விழும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, தாளை வாங்கி வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.